ஆங்கில 'டேக்' ஒன்று, ஸ்பானிய வினைகள் பல: மொழிபெயர்க்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்பானியம் படிக்கத் தொடங்கி ஓரளவுக்கு வாக்கியம் அமைக்க வந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். கெட், டேக், புட், மேக் மாதிரியான சின்ன ஆங்கில வினைகள்தான் அந்த இடம். அகராதியைத் திறந்து 'டேக்' பார்த்தால் முதலில் 'தோமார்' என்று போட்டிருக்கும், அதை எடுத்து எல்லா வாக்கியத்திலும் வைத்தால் பாதி இடத்தில் சரியாக வரும், மீதி இடத்தில் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது, அல்லது புரிந்தும் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இங்கே 'டேக்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி வரை போகலாம். இதில் கை பழகினால் மற்ற மூன்றுக்கும் இதே வழிதான்.

நான் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு: ஆங்கிலத்திலிருந்து நேராக ஸ்பானியத்துக்குத் தாவாதீர்கள், நடுவில் தமிழில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நம்மில் பெரும்பாலானோர் ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானியம் படிக்கிறோம், பாடப் புத்தகமும் செயலியும் அப்படித்தான் இருக்கின்றன, அதனால் தமிழை ஓரமாக வைத்துவிடுகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் பஸ்ஸைப் பிடிக்கிறோம், மாத்திரையைப் போடுகிறோம், பரீட்சையை எழுதுகிறோம், செருப்பைக் கழற்றுகிறோம், அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம், ஒரு வேலைக்கு மூன்று நாள் ஆகிறது, வலியைத் தாங்குகிறோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் டேக் என்ற ஒரு சொல் போதும். ஸ்பானியம் இதைப் பிரிக்கும், பெரும்பாலும் நாம் பிரிக்கிற கோட்டிலேயே பிரிக்கும். கோடு விலகுகிற சில இடங்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பானியத்தில் உயிரொலி ஐந்துதான், அ, எ, இ, ஒ, உ, எனவே உச்சரிப்பு ஓரளவு அடங்கிவிடும். த என்று எழுதியிருப்பது சில இடத்தில் வல்லொலி, சில இடத்தில் மெல்லொலி, கேட்டுத்தான் பழக வேண்டும்.

முதல் படி: டேக்கை வாக்கியத்திலிருந்து வெளியே எடுங்கள்

ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற தமிழில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம். 'பேருந்தில் பயணம் மேற்கொண்டேன்' என்று எழுதினால் உதவாது, 'பஸ் பிடிச்சுப் போனேன்' என்று எழுதினால்தான் உதவும். எழுதியதும் அந்தத் தமிழ் வினையை மட்டும் அடிக்கோடிடுங்கள். பிடி, போடு, கழற்று, கூட்டிப்போ, ஆகு, தாங்கு, எடு, எது வருகிறதோ அதுதான் உங்கள் திறவுகோல். இனி டேக் என்ற சொல்லைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: கையில் எடுப்பதா, எங்கேயாவது கொண்டுபோவதா?

இதுதான் மிகப் பெரிய பிரிவு, அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

கையில் எடுப்பது, வாங்கிக்கொள்வது, பிடிப்பது என்றால் தோமார். முடிவு எடுப்பது, குறிப்பு எடுப்பது, மாத்திரை போடுவது, காபி குடிப்பது, பஸ் பிடிப்பது எல்லாமே தோமாரில் அடங்கும். 'தோமார் உனா தெசிசியோன்' முடிவெடுப்பது, 'தோமார் நோத்தாஸ்' குறிப்பெடுப்பது, 'தோமார் எல் சோல்' வெயில் காய்வது. ஓட்டலில் பரிமாறுபவர் 'கே வா ஆ தோமார்?' என்றால் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கிறார். லத்தீன் அமெரிக்காவில் ஒருவரைப் பற்றி 'தோமா முச்சோ' என்று சொன்னால் அவர் நிறையக் குடிக்கிறார் என்று பொருள், அதாவது சரக்கு. தமிழில் 'அவர் குடிப்பார்' என்று மொட்டையாகச் சொன்னால் எது புரியுமோ அதேதான்.

இந்தச் சொல் அங்குள்ளவர்கள் வாயில் எப்படி வருகிறது என்று கவனித்தால் இன்னொன்று தெரியும். சாவியை நீட்டிக்கொண்டே ஒருவர் 'தோமா லாஸ் யாவேஸ்' என்பார். அகராதிப்படி பார்த்தால் 'சாவியை எடு' என்ற கட்டளை. ஆனால் அவர் சொல்வது 'இந்தா சாவி' என்பதுதான். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் டேக் வரலாம், 'ஹியர்' என்றும் வரலாம். தமிழில் 'இந்தா' என்று தோன்றும் இடத்திலெல்லாம் தயங்காமல் 'தோமா' போடுங்கள். மரியாதையாக 'இந்தாங்க' என்றால் 'தோமே'.

ஒரு பொருளையோ ஆளையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் தோமார் வராது, யெவார்தான். 'யெவே ஆ மி மாத்ரே அல் மேதிக்கோ', அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இதில் மாத்ரேவுக்கு முன்னால் ஒரு 'ஆ' நிற்கிறதே, அதைத் தமிழ் பேசுபவர்களால் எளிதாகப் பிடித்துக்கொள்ள முடியும். தமிழில் 'தண்ணி குடிச்சேன்' என்று -ஐ இல்லாமல் சொல்லலாம், ஆனால் 'அம்மா கூட்டிப் போனேன்' என்று சொல்ல முடியாது, அம்மாவுக்கு -ஐ கட்டாயம். ஸ்பானியமும் செயலைப் பெறுபவர் குறிப்பிட்ட ஆளாக இருந்தால் இந்த 'ஆ'வைக் கட்டாயம் கேட்கும், பொருளானால் பெரும்பாலும் கேட்காது. இரண்டும் நூற்றுக்கு நூறு ஒன்றல்ல, நாம் உயிரில்லாத பொருளுக்கும் -ஐ போடுவோம், அவர்கள் 'ஆ' போட மாட்டார்கள். ஆனாலும் ஆள் வந்தால் 'ஆ' என்று காது உடனே உஷாராகும்.

யெவாருக்கு எதிர்ச்சொல் திராயெர், கொண்டு வருவது. இங்கே கவனம் வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து நம்மைத் தவறான பக்கம் தள்ளும். நண்பரிடம் போனில் 'நாளைக்கு உன் வீட்டுக்குப் புத்தகத்தைக் கொண்டு வர்றேன்' என்று சொல்கிறோம். ஸ்பானியத்தில் திராயெர் என்பது பேசுகிறவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கித்தான். நீங்கள் இங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகிறீர்கள், ஆகவே 'தே லோ யேவோ மஞானா', சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உனக்கு அதைக் கொண்டு போகிறேன்'. அதேபோல யாராவது கூப்பிட்டால் நாம் 'இதோ வர்றேன்' என்போம், அவர்கள் 'யா வோய்' என்பார்கள், அதாவது போகிறேன். இந்த ஒரு விதியைத் தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள், தமிழ் நமக்குக் கைகொடுக்காத பெரிய இடம் இது.

யெவாரில் இன்னொரு பொறி. 'யேவோ த்ரேஸ் ஓராஸ் எஸ்பெரான்தோ' என்றால் எதையும் எங்கும் கொண்டுபோகவில்லை, 'மூணு மணி நேரமா காத்திருக்கேன்' என்று பொருள். படிக்கும்போது குழம்பாமல் இருக்க இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வெளியே எடுப்பது, கழற்றுவது

உள்ளே இருந்து வெளியே எடுப்பது சக்கார். குப்பையை வெளியே வைப்பது 'சக்கார் லா பசூரா', ஏடிஎம்மில் பணம் எடுப்பது 'சக்கார் தினேரோ', நல்ல மார்க் எடுப்பதுகூட 'சக்கார் புவேனாஸ் நோத்தாஸ்'. தமிழில் மூன்றில் இரண்டு 'எடு', பாருங்கள். போட்டோ எடுப்பதும் சக்கார்தான், 'சக்கார் உனா ஃபோத்தோ'. ஸ்பெயினில் 'அசேர் உனா ஃபோத்தோ' என்பதும் லத்தீன் அமெரிக்காவில் 'தோமார் உனா ஃபோத்தோ' என்பதும் சாதாரணம், மூன்றுமே சரி.

ஒட்டியிருப்பதை, மாட்டியிருப்பதை, ஒருவரிடம் இருப்பதை அகற்றுவது கித்தார். 'கீத்தாத்தே லோஸ் சப்பாத்தோஸ்', செருப்பைக் கழற்று. சப்பாத்தோ என்ற சொல் இலங்கைத் தமிழர்களுக்குப் புதிதாக இருக்காது, அவர்கள் வாயில் இருக்கும் சப்பாத்து போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது, இது அதன் ஸ்பானியச் சகோதரி. இந்த வாக்கியத்தில் ஆங்கிலம் 'உன்' செருப்பு என்று சொல்லாமல் விடாது, ஸ்பானியம் 'உன்' என்பதைப் போடாது, தமிழிலும் 'செருப்பைக் கழட்டு' என்றுதானே சொல்கிறோம். யார் செருப்பு என்பதை 'தே' என்ற சின்ன அசை பார்த்துக்கொள்ளும். அர்ஜென்டினா பக்கம் உடை, செருப்புக்கு சக்கார்சே என்று சொல்வார்கள், அதுவும் காதில் விழும்.

நான்காம் படி: நேரம் ஆவது

'இட் டேக்ஸ் டைம்' வகை வாக்கியங்களில் மூன்று வினைகள் போட்டி போடும், மூன்றுக்கும் எழுவாய் வேறு.

ஆள் எழுவாயானால் தர்தார். 'தர்தே தோஸ் ஓராஸ் என் யெகார்', நான் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. தமிழில் 'எனக்கு ஆனது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம், இங்கே 'நான்' நேராக எழுவாயாக வந்து நிற்கிறது, அதுதான் வித்தியாசம். ரயிலும் எழுவாயாகலாம், 'குவான்தோ தர்தா எல் த்ரென்?'.

வேலை எழுவாயானால் யெவார், ஆள் நான்காம் வேற்றுமையில் வருவார்: 'மே யெவோ த்ரேஸ் தீயாஸ்', எனக்கு மூன்று நாள் ஆனது. இது அச்சு அசல் தமிழ் அமைப்பு, 'மே' என்பதுதான் நம்முடைய 'எனக்கு'. கட்டுரை எழுத, வீடு பெயிண்ட் அடிக்க, மொழிபெயர்ப்பு முடிக்க என்று ஒரு வேலையைப் பற்றிப் பேசினால் இது மிகவும் இயல்பாக வரும்.

ஒரு நிகழ்ச்சி இவ்வளவு நேரம் ஓடுகிறது என்றால் துரார். 'லா பெலீக்குலா தூரா தோஸ் ஓராஸ்', படம் இரண்டு மணி நேரம். தாமதம் என்ற வாடை வந்தால் தென் அமெரிக்காவில் தெமோரார் அதிகம் கேட்கும்.

நேரம் இல்லாமல் 'இட் டேக்ஸ் பேஷன்ஸ்' என்று வந்தால்? தமிழில் 'பொறுமை வேணும்' என்போம். ஸ்பானியத்திலும் வேண்டும் என்பதுதான்: 'ஆசே ஃபால்தா பசியென்சியா'. இங்கே தோமார் வைப்பது ஆங்கிலத்தை அப்படியே ஒட்டி வைப்பது, வேண்டாம்.

ஐந்தாம் படி: 'சே' வேண்டுமா என்று பாருங்கள்

தோமார், யெவார் இரண்டும் பின்னால் 'சே' ஒட்டிக்கொண்டு தோமார்சே, யெவார்சே ஆகும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்தச் 'சே' பெரிய தலைவலி, தமிழ் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு இருக்கக் கூடாது. நம்மிடம் 'கொள்' இருக்கிறது. எடு, எடுத்துக்கொள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும்.

கடையில் சட்டையைப் பார்த்துவிட்டு 'சரி, இதை எடுத்துக்கறேன்' என்று சொல்கிற இடத்தில் 'மே லோ யேவோ'. குடையை 'எடுத்துக்கிட்டுப் போ' என்பது 'யேவாத்தே எல் பராகுவாஸ்'. 'தப்பா எடுத்துக்காதே' என்பது 'நோ தே லோ தோமேஸ் ஆ மால்', இதில் எடு, கொள், தப்பு மூன்றும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தி நிற்பதைப் பாருங்கள். 'அவள் அதை நல்லபடியா எடுத்துக்கிட்டாள்' என்பது 'சே லோ தோமோ பியென்'.

எல்லா இடத்திலும் கொள் வந்தால் சே என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. திருடன் சைக்கிளைக் கொண்டு போனால் நாம் 'கொண்டுபோயிட்டான்' என்று 'விடு' போட்டுச் சொல்வோம், ஸ்பானியம் அங்கேயும் 'சே யெவோ' என்னும். ஆனால் முதல் ஊகத்துக்கு 'கொள்' நல்ல வழிகாட்டி. சே இல்லாத 'பாரா யெவார்' என்ற தொடரையும் மறக்காதீர்கள், சாப்பாட்டுக் கடையில் பார்சல் வேண்டும் என்று கேட்க அதுதான் வார்த்தை.

ஆறாம் படி: எடு என்ற எண்ணமே இல்லாத வாக்கியங்கள்

ஆங்கிலத்தில் நிறைய இடத்தில் டேக்குக்குச் சொந்த அர்த்தமே கிடையாது, பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்தான் வேலை பார்க்கிறது. அங்கே பெயர்ச்சொல்லைத்தான் அகராதியில் தேட வேண்டும். இது சின்னப் பழக்கம், ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு மிகவும் உதவும்: டேக்கின் கீழே தேடாமல் நடை, குளியல், தேர்வு என்ற சொல்லின் ஸ்பானியப் பதிவுக்குப் போய் அதனுடன் எந்த வினை வருகிறது என்று பாருங்கள்.

நடந்துவிட்டு வருவது 'தார் உன் பசேயோ', தார் என்றால் கொடு. குளிப்பது ஒரே வினை, 'துச்சார்சே'. குட்டித் தூக்கம் போடுவது 'எச்சார்சே உனா சியெஸ்தா', எச்சார் என்பதற்குப் போடு என்றும் பொருள் உண்டு, தூக்கம் போடுவது நம் வழக்கம்போலவே. கூட்டம் நடப்பது 'தெனேர் லுகார்'. வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது 'அப்ரோவெச்சார்'. கவனித்துக்கொள்வது 'குயிதார்'. விமானம் கிளம்புவது 'தெஸ்பெகார்', ஒட்டியிருந்தது பிரிந்து மேலே போகிறது. ஒன்றை இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டுவிடுவது 'தார் போர் சென்தாதோ'. பையன் அப்பாவைக் கொண்டிருக்கிறான் என்பது 'ஆ சலீதோ ஆ சு பாத்ரே'.

'கார்டு டேக் பண்ணுவீங்களா' என்பது 'அசெப்தான் தர்ஹேத்தா?', ஏற்றுக்கொள்வது. 'இனிமே தாங்க முடியாது' என்பது 'நோ அகுவான்தோ மாஸ்'. காரில் ஐந்து பேர் பிடிக்கும் என்பது 'என் எல் கோச்சே காபென் சின்கோ'. இதில் ஆங்கிலம் காரை எழுவாயாக்கும், ஸ்பானியம் ஐந்து பேரை எழுவாயாக்கும். காபென் என்பதன் மூலவினை கபேர், தன்மை ஒருமையில் 'கேப்போ' என்று மாறிவிடும், கற்றுக்கொள்ளும்போதே அதையும் சேர்த்துக் கற்றுவிடுங்கள்.

பரீட்சை தனிக் கதை. ஸ்பெயினில் மாணவர் பரீட்சையைச் செய்கிறார், 'அசேர் உன் எக்சாமென்'. மெக்சிகோவில் 'பிரெசென்தார்'. அர்ஜென்டினா, சிலி, பெரு பக்கம் மாணவர் பரீட்சையைக் கொடுக்கிறார், 'தார் எக்சாமென்'. அர்ஜென்டினாவில் 'தோமார் எக்சாமென்' என்று எழுதினால் பரீட்சை வைப்பவர், அதாவது ஆசிரியர், என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். ஒரு பல்கலைக்கழக விதிமுறையை மொழிபெயர்க்கும்போது இது நடந்தால் யார் எழுதுகிறார், யார் வைக்கிறார் என்பதே மாறிப்போகும்.

ஏழாம் படி: எந்த நாட்டுக்கு?

இதைக் கடைசிப் படியாக எழுதினாலும் வேலையை ஏற்கும்போதே கேட்டுவிட வேண்டியது. காரணம் கொஹெர் என்ற வினை. ஸ்பெயினில் பஸ் பிடிப்பது, பேனாவை எடுப்பது, போனை எடுப்பது எல்லாவற்றுக்கும் மக்கள் நாள் முழுக்கச் சொல்வது கொஹெர்தான். மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா, வெனிசுவேலா பக்கம் அதே சொல்லுக்கு உடலுறவு கொள்வது என்று கொச்சைப் பொருள் இருக்கிறது, ஸ்பானிய அகாதமியின் அகராதியே நாட்டுக் குறிப்போடு அதைப் பதிவு செய்திருக்கிறது. அங்கே கையில் எடுப்பதற்கு அகர்ரார், பஸ்ஸுக்குத் தோமார். யார் படிப்பார் என்று தெரியாவிட்டால் தோமார் போடுங்கள், ஸ்பெயினிலும் அதைப் புரிந்துகொள்வார்கள், யாருக்கும் சங்கடம் இல்லை.

சரிபார்க்க ஸ்பானிய அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1713இல் மாட்ரிடில் தொடங்கிய அமைப்பு அது, இப்போது லத்தீன் அமெரிக்க நாடுகளின் அகாதமிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. 2005இல் வந்த அவர்களுடைய ஐயங்களுக்கான அகராதியும் இணையத்தில் உண்டு, எந்த வினைக்கு எந்த இடைச்சொல் வரும் என்ற சந்தேகத்துக்கு நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அப்புறம் அவர்களுடைய சொற்றொடர்த் தொகுப்பில் தேடினால் ஒரு தொடர் எந்த நாட்டில் எப்படி வருகிறது என்று உண்மையான வாக்கியங்களோடு காட்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு பத்தி

ஆங்கிலத்தில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஐ டுக் மை மதர் டு த ஹாஸ்பிட்டல். இட் டுக் அஸ் டூ அவர்ஸ். த டாக்டர் டுக் ஹெர் பிளட் பிரஷர் அண்ட் டோல்ட் ஹெர் டு டேக் எ டேப்லட் ட்வைஸ் எ டே. ஷி டுக் இட் வெல்.

டேக் ஐந்து முறை. தமிழில்: அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது, டாக்டர் பிபி பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு வேளை மாத்திரை போடச் சொன்னார், அம்மா அதை நல்லபடியாக எடுத்துக்கொண்டார். கூட்டிப்போ, ஆகு, பார், போடு, எடுத்துக்கொள்.

இப்போது ஸ்பானியம்: 'யெவே ஆ மி மாத்ரே அல் ஒஸ்பித்தால். தர்தாமோஸ் தோஸ் ஓராஸ். எல் மேதிக்கோ லே தோமோ லா தென்சியோன் இ லே தீஹோ கே தோமாரா உனா பஸ்தீயா தோஸ் வேசேஸ் அல் தீயா. சே லோ தோமோ பியென்.' கூட்டிப்போவது யெவார். ஆவது தர்தார், 'நாங்கள்' எழுவாயாகிவிட்டது. பிபி பார்ப்பது, மாத்திரை போடுவது இரண்டும் தோமார், தமிழில் வேறு வேறாக இருந்தவை இங்கே ஒன்றாகிவிட்டன. எடுத்துக்கொள்வது தோமார்சே. மெக்சிகோவுக்கு அனுப்புவதானால் தென்சியோனை மாற்றி 'பிரெசியோன்' போடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம்.

முடித்ததும் ஆங்கில மூலத்தை மூடிவைத்துவிட்டு ஸ்பானியத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துத் தமிழில் திரும்பச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் முதலில் எழுதிய தமிழ் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வர வேண்டும், எங்காவது முட்டினால் அந்த வினையை மட்டும் மறுபடி பாருங்கள். ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் யாராவது பழக்கமிருந்தால் 'இது சரியா?' என்று கேட்காதீர்கள், பெரும்பாலானோர் மரியாதைக்குச் சரி என்று சொல்லிவிடுவார்கள். நடந்ததை விவரித்து, 'இதை நீங்கள் உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள், அவர் வாயில் எந்த வினை வருகிறதோ அதை எந்த நாட்டுக்காரர் சொன்னார் என்ற குறிப்போடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.